பொட்டு வைத்த டேப்

எங்கள் தெருவில் யார் புடவை எடுக்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்குப் புடவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது என் முகம்.

கடைகளில் விலைப்பெட்டி வந்த பிறகு தொடங்கிய கூத்து இது. கல்லாவுக்குப் பக்கத்தில் டிபன் டப்பா அளவில் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒரு கண் உண்டு. பொருளை மேசைமேல் வைத்துவிட்டு நீங்கள் எதிரே நின்றால், அது பொருளைப் பார்க்காது, உங்கள் முகத்தைப் பார்க்கும். ஆசை தெரிந்தால் விலையை ஏற்றும். சலிப்புத் தெரிந்தால் இறக்கும். பெட்டி காட்டும் விலைக்குத்தான் விற்க வேண்டும். வியாபாரிகளே மனுக் கொடுத்து, ஊர்வலம் போய், வெயிலில் மயங்கி விழுந்து வாங்கிய சட்டம்.

அன்றிலிருந்து கோவில்பட்டியில் எல்லோரும் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போகிற முகத்தோடுதான் கடைக்குப் போகிறார்கள். துஷ்டி வீட்டில் பெட்டி கிடையாது. அதனால் அங்கே போய் நன்றாகச் சிரித்துவிட்டு வருகிறார்கள்.

முகத்தை அடக்கத் தெரியாதவர்கள் கடைக்குள் முதுகைக் காட்டி நிற்பார்கள். என் மதினி பொன்னுத்தாய் அந்த வகை. குழம்பில் உப்புக் கூடியிருந்தால் அவள் முகம் அதைத் தெருக்கோடி வரைக்கும் அறிவித்துவிடும். கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போன இடத்தில், ஒரு ஜிமிக்கியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அது கடைசியில் வளையல் விலைக்குப் போனது. அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

என் முகம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். சந்தோஷம், கோபம், பசி எதுவும் மேலே வராது. உள்ளே எல்லாம் உண்டு. வாயும் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வந்தால் நடுங்கும். எதிர்வீட்டுக்காரிக்கு மிக்சி, பக்கத்துத் தெருவுக்குக் கேஸ் அடுப்பு, யாரோ ஒருவரின் கொழுந்தனுக்குப் பேண்ட் என்று என் முகத்தை ஊரே கடன் வாங்கியிருக்கிறது. பதிலுக்கு ஒரு டீயும் உளுந்த வடையும் தருவார்கள்.

இதே முகத்தால்தான் என் படிப்பும் போனது.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சிலேட்டு மாதிரித் திரை வைத்த டேப் கொடுத்தார்கள். டீச்சர் பின்னால் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். பாடம் நடத்துவது டேப். அதன் உச்சியிலும் ஒரு கண். பாடம் கேட்கும்போது நம் முகத்தைப் பார்த்து, பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா, விளங்குகிறதா, சலிப்படைகிறதா என்று முடிவு செய்யும். ஆர்வம் இருந்தால் அடுத்த பாடம். இல்லையென்றால் இன்னும் எளிதான பாடம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் முக டியூஷனுக்குப் போனார்கள். புருவத்தை எப்போது உயர்த்துவது, எந்த இடத்தில் 'ஓ' என்று உதட்டைக் குவிப்பது என்று சொல்லித்தர ஒரு மாஸ்டர் இருந்தார். அவருடைய சொந்தப் புருவங்கள் பார்க்க மீசை மாதிரி இருக்கும். மதினி அந்த டியூஷனுக்குப் போகாமலே ஆர்வத்தில் முழு மார்க்கு வாங்கினவள். இப்போதும் கடையில் மீதிச் சில்லறையை என்னிடம்தான் எண்ணக் கொடுப்பாள்.

எனக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் முகம் இன்னும் இறுகிவிடும். கணக்கு மிகவும் பிடிக்கும். அதனால் கணக்குப் பாடத்தில் செத்தவள் மாதிரி இருப்பேன். டேப் என்னைக் கீழே இறக்கியது. ஏழாம் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பாடம் வந்தது. எட்டாம் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பாடம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் திரையில் ஓர் அணில் வந்து, வாலை ஆட்டிக்கொண்டு, "வாங்க, ஒண்ணு ரெண்டு பாட்டுப் பாடலாமா?" என்றது. சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான். மறுபடி போகவில்லை. கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடச் சேர்ந்தேன். கடலை மிட்டாய் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கம்பெனிக்கு மிஷின் பழுது பார்க்க வந்த ஓர் அக்காவைப் பார்த்தேன். பாலிடெக்னிக் படித்தவள். கையில் ஸ்பேனர், முகமெல்லாம் கிரீஸ், மேனேஜரையே தள்ளி நிற்கச் சொன்னாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன். பாலிடெக்னிக் போக வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு பாஸ் வேண்டும். தனித்தேர்வு எழுதலாம். பரீட்சை பழையபடி பேப்பரில்தான். ஆனால் அதற்கு உட்கார விடவே, பாடம் முழுவதையும் முடித்துவிட்டாள் என்று ஒரு டேப் சாட்சி சொல்ல வேண்டும். பெயர் பதிய இந்த மாதம்தான் கடைசி. விட்டால் அடுத்த வருஷம். அதற்குள் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு என் முகம் மிகவும் பிடிக்கும், மளிகைச் செலவு பாதியாகிவிடும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மதினியும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சுடலைமணி அண்ணாச்சி கடைக்குப் போனோம். பழைய டேப், பழைய போன் விற்கிற கடை. மதினி வாசலிலேயே திரும்பிக்கொண்டு, முதுகு முன்னாலும் முகம் பின்னாலுமாகக் கடைக்குள் ஏறினாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏ பொன்னுத்தாயி! இவளையா கூட்டிட்டு வந்திருக்க? போன மாசம் எவளுக்கோ ஒரு போன் வாங்கிக் கொடுத்துட்டுப் போனா. அந்த வெலைக்கு எனக்கு டப்பாகூட வராது."

"இன்னைக்கு யாருக்கும் இல்ல அண்ணாச்சி, அவளுக்கேதான்" என்று மதினி தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"அவளுக்கேயா?" அண்ணாச்சி மறுபடி உட்கார்ந்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப வரட்டும், வரட்டும். ஊருக்கு வாங்கும்போது எல்லா மூஞ்சியும் கல்லு மாதிரிதான் இருக்கும். தனக்குன்னு வந்தா இளகிரும். இத்தனை வருசமா நான் பாக்காத மூஞ்சியா?"

அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. இதுவரைக்கும் எனக்கு வேண்டாத பொருளுக்குத்தானே முகம் கொடுத்திருக்கிறேன்? மிக்சிமேல் எனக்கு என்ன ஆசை? வேண்டும் என்று ஒன்றுக்காக அந்தப் பெட்டி முன்னால் நின்றதே இல்லை.

அண்ணாச்சி முதலில் ஒரு டேப்பை எடுத்து வைத்தார். பழையது என்று சொன்னால் நம்ப முடியாது. ஒரு கீறல் இல்லை, அடிபட்ட இடம் இல்லை. ஆன் செய்து என் பக்கம் திருப்பினார். அதன் கண் என்னைப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது.

"சோர்வாக இருக்கிறீர்களா? கவலை வேண்டாம், எளிதாகத் தொடங்கலாம்!" என்றது. திரையின் ஓரத்திலிருந்து ஒரு வால் எட்டிப் பார்த்தது. அடுத்து அணில் வந்தது. இரண்டு வருஷத்தில் அதற்குத் தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் ஓர் எட்டுப் பின்னால் வைத்தேன்.

"என்ன சத்தம்?" என்றாள் மதினி.

"அணிலு" என்றார் அண்ணாச்சி. "பிள்ளைய நல்லாத்தான் கவனிக்கு."

"வேற இல்லையா?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. மதினி உரக்க மொழிபெயர்த்தாள்: "வேற இருக்கான்னு கேக்கா."

அண்ணாச்சி தயங்கிக்கொண்டே கீழ்த்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, உள்ளேதான். அந்த டேப்புக்கு யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடியின் உச்சியில் நடுவாக, ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நான் விரலால் தேய்த்தேன். போகவில்லை. பொட்டு கண்ணாடிக்கு மேலே இல்லை, உள்ளே இருந்தது.

"தேய்க்காத தாயி, தேய்ஞ்சிறப் போகுது. விரலைச் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. "அது ஒரு கூத்து. இது தானா ஆறுற கண்ணாடி. கீறல் விழுந்தா சார்ஜுல போட்டுட்டு விட்டுறணும், தோலு மாதிரி மூடிக்கிடும். தொடைச்சுட்டுப் போடணும், அதுதான் முக்கியம். லேத்துப் பட்டறை குமரகுரு இருக்காருல்ல, அவரு மகளோடது. அவ கீழ போட்டு, சரியா உச்சியில கீறல். ஆயுத பூசைக்கு மனுசன் ஸ்பேனரு, டிரில்லு, சுத்தியலு எல்லாத்தையும் வரிசையா வச்சு, இதையும் நடுவுல வச்சு, நெத்தி எதுன்னு பாத்து அப்பிட்டாரு. படிக்கிற சாமானாச்சே, சார்ஜு எறங்கக் கூடாதுன்னு வயரையும் சொருகிட்டாரு. காலையில பாத்தா சாமி கண்ணாடிக்குள்ள போயிருச்சு."

மதினி தெருவைப் பார்த்தபடியே குலுங்கிச் சிரித்தாள். "அண்ணாச்சி, அப்ப பொரிகடலையும் உள்ள இருக்கான்னு பாருங்க."

"பாக்கத்தான் குறை. உள்ள புதுசு மாதிரி."

"பின்ன ஏன் வித்தாரு?"

அண்ணாச்சி மூக்கைச் சொறிந்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. "ராசியில்லைன்னு சொன்னாரு. மகராசின்னு பேரு, அந்தப் பிள்ளைக்கு டேப்புல எப்பவும் முழு மார்க்கு. தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாக. பரீட்சையில போய் உக்காந்து, பேரை மட்டும் எழுதிட்டு எந்திரிச்சு வந்திருக்கு. ஒண்ணுமே தெரியல. இப்ப வீட்டை விட்டு வெளிய வாரதில்லைன்னு கேள்வி."

"யம்மா! வேண்டவே வேண்டாம்" என்றாள் மதினி. "அந்த அணிலையே கொடுங்க. கவரும் சார்ஜரும் சேத்துத் தரணும்."

"கவருக்குத் தனி."

"எது தனி? கவரு இல்லாம டேப்பை என்ன முந்தானையில முடிஞ்சிட்டுப் போறதா?"

அவர்கள் கவருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கல்லாவைப் பார்த்து, ஒருத்தி தெருவைப் பார்த்து. நான் பொட்டு டேப்பைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆன் செய்தேன்.

திரையில் எழுத்து வந்தது. 'வணக்கம்! மிகுந்த ஆர்வத்துடன் இருக்கிறீர்கள்.'

என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. ஒரு கணம் கூச்சமாகக்கூட இருந்தது. டேப்பை மெதுவாகச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டு எட்டிப் பார்த்தேன். 'மிகுந்த ஆர்வத்துடன் இருக்கிறீர்கள்.' மேலே ஓடுகிற ஃபேனுக்குக் காட்டினேன். அதற்கும் மிகுந்த ஆர்வம். வாசலில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே பிடித்தேன். 'அருமை! அடுத்த பாடத்துக்குப் போகலாம்' என்றது டேப். நாய் புரண்டு படுத்தது.

கண்மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் டேப் நின்றுவிடும். 'முகம் தெரியவில்லை' என்று அடம்பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்து பார்த்ததுதான். ஆனால் சரியாகக் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்ட இந்தப் பொட்டு அதற்கு முகமாகத் தெரிகிறது. மஞ்சளாய், வட்டமாய், நடுவில் சிவந்து, கொட்டாவி விடாமல், இமைக்காமல், தலையைத் திருப்பாமல் எந்நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகம். அதைவிட நல்ல மாணவி எங்கே கிடைப்பாள்?

மகராசிக்கு என்ன நடந்தது என்று விளங்கிவிட்டது. அவளுக்குப் புரியவில்லை என்று இதற்குத் தெரியவே தெரியாது. பாவம், அவள் தூங்கியிருந்தாலும் அழுதிருந்தாலும் இது அருமை அருமை என்று அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும். புகழ்கிறவர்களை நிறுத்தி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மேசைமேல் இரண்டு டேப்பும் கிடந்தன. ஒன்று என்னை மக்கு என்கிறது. இன்னொன்று நாயையே மேதை என்கிறது. இரண்டும் பொய். ஒரு பொய் என்னைக் கீழேயே வைத்திருக்கும். இன்னொரு பொய் மேலே தூக்கிக்கொண்டுபோய், அங்கே தனியாக விட்டுவிட்டு வந்துவிடும். மகராசி விழுந்த இடம் அதுதான்.

ஆனால் மேலே போனால் அங்கே கணக்கு இருக்கும். அணில் இருக்காது.

நான் பொட்டு டேப்பைப் பெட்டியின் முன்னால் வைத்துவிட்டு எதிரே நின்றேன். மதினியின் புடவை நுனியை இழுத்தேன். "மதினி, இது."

"எது?" மதினி கொஞ்சம் திரும்பிப் பார்த்து, பெட்டிக்குத் தெரிவதற்குள் மறுபடி திரும்பிக்கொண்டாள். "பொட்டா? ஏட்டி, உனக்குக் கிறுக்கா? அந்தப் பிள்ள கதையைக் கேட்டியா இல்லையா?"

காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அண்ணாச்சிக்குக் கேட்கும். மதினியின் காதில் மட்டும் சொன்னால், அவள் முதுகுகூட மலர்ந்துவிடும். இந்த டேப் நாய்க்கும் முழு மார்க்குப் போடும் என்று தெரிந்தால் மறுநாள் ஊரிலிருக்கும் முக டியூஷன் பெற்றோர்கள் எல்லோரும் இங்கே வரிசையில் நிற்பார்கள். ஆகவே நான் வாயை மூடிக்கொண்டு பெட்டியைப் பார்த்தேன்.

பெட்டியில் விலை வந்தது. என்னிடம் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. நான் டேப்பைப் பார்த்தேன். கணக்குப் பாடத்தை நினைத்தேன். கிரீஸ் முகத்தோடு வந்த அக்காவை நினைத்தேன். வேண்டும், வேண்டும் என்று உள்ளே ஒருத்தி தரையில் விழுந்து புரண்டாள்.

விலை இறங்கியது.

அண்ணாச்சி முன்னால் குனிந்தார். "தாயி, நல்லாப் பாரு. உள்ள எவ்வளவு இடம் இருக்கு தெரியுமா? பேட்டரி ரெண்டு நாளு தாங்கும்."

இரண்டு நாள் தாங்குமா? கரண்டு போனாலும் படிக்கலாமே! என் முகம் இன்னும் இறுகியது. விலை இன்னும் இறங்கியது.

"ஏ, என்ன பிள்ள இது! பாட்டுக் கேக்கலாம், படம் பாக்கலாம், வரையக்கூட செய்யலாம்!"

ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இறங்கியது. எதிர்வீட்டு மிக்சிக்குக்கூட இப்படி இறங்கவில்லை. மிக்சி எனக்கு வெறுமனே வேண்டாத பொருள். இது எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்தப் பெட்டி தலைகீழாகக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்கும் கொஞ்சம் இறங்கியது.

"பொன்னுத்தாயி, இவளுக்கு வேணுமா வேண்டாமா? சொல்லித் தொலையச் சொல்லு!"

"அவளுக்கு வேண்டாம் அண்ணாச்சி, மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா? அணிலைக் கட்டுங்க" என்றாள் மதினி, என் மூஞ்சியைப் பார்க்காமலே.

விலை என் கையிலிருந்த பணத்துக்கு வந்தது. அதையும் தாண்டி இறங்கியது. அண்ணாச்சியின் கை பெட்டியின் பின்பக்கம் போனது. அங்கேதான் ஸ்விட்ச். அணைத்துவிட்டால் இன்றைய விலை செல்லாது. அணைப்பதற்கு முன்னால் வாங்குகிறவர் தன் வாயால் 'எடுத்துக்கொள்கிறேன்' என்று பெட்டிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டால் மட்டும் மாற்ற முடியாது. மற்றவர்களுக்கு வாங்கும்போது அவர்கள் சொல்வார்கள். நான் முகம் கொடுப்பதோடு சரி. இந்த ஒரு வார்த்தையை நான் எந்தக் கடையிலும் சொன்னதில்லை.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் விரல் ஸ்விட்சைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டது.

"எடுத்துக்கிடுதேன்!"

வாசல் நாய் எழுந்து ஓடியது. மதினி தன்னை மறந்து முழுசாகத் திரும்பிவிட்டாள். பெட்டி 'டிங்' என்று மணியடித்து ரசீதைத் துப்பியது.

அண்ணாச்சி ரசீதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு சத்தத்தை எங்க தாயி வச்சிருந்த?"

பணத்தை வைத்தேன். டேப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். படி இறங்கும்போது என்னவோ நடந்தது. கன்னத்துத் தசை எல்லாம் தன்னால் மேலே போயிற்று. பல்லில் காற்றுப் பட்டது. எனக்கே பழக்கமில்லாத வலி. கவரைக் கேட்க மறந்துவிட்டோமே என்று ஒரு முறை கடையைத் திரும்பிப் பார்த்தேன்.

பெட்டி என்னைப் பார்த்துவிட்டது. கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு விலையை ஏற்றத் தொடங்கியது. புது டேப் விலையைத் தாண்டி, லேத்து மிஷின் விலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சனியனே!" அண்ணாச்சி பெட்டியைப் பளாரென்று அறைந்தார். "இப்பப் போய் கண்ணு தெரியுதாக்கும் உனக்கு?"

வீடு வரைக்கும் மதினி திட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் விஷயத்தைச் சொன்னேன். நடுரோட்டில் நின்று, ஜிமிக்கிக்குப் பிளந்த அதே வாயைப் பிளந்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மாறியது. "அப்ப உனக்குப் புரியலைன்னா அதுக்கு எப்படிட்டி தெரியும்? மகராசி மாதிரி நீயும் பேரை மட்டும் எழுதிட்டு வரவா?"

வீட்டுக்கு வந்ததும் டேப்பை ஆன் செய்து முன்னால் உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கு. முதல் பாடமே இரண்டாவது வரியில் என்னைக் கீழே தள்ளிவிட்டுப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் விட்ட இடத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு ஊரே இருந்தது. டேப் நிற்கவில்லை. எழுத்தும் எண்ணும் கோடும் ஓடின. எனக்கு வியர்த்தது. கண் கலங்கியது. திரையில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. நெற்றியில் சரியாக அந்தப் பொட்டு.

'அருமை! மிகுந்த ஆர்வத்துடன் இருக்கிறீர்கள். அடுத்த பாடத்துக்குப் போகலாமா?'

என்னைப் பார்க்காமலே அது சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லமாட்டார்கள். முகமும் சொல்லாது.

"போகக் கூடாது" என்றேன். "புரியல. மறுபடி சொல்லு."

டேப் நின்றது. அப்படி அதனிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. அணில் வரவில்லை.

"இல்ல, இப்பவும் புரியல. அந்த ரெண்டாவது வரி எங்கேருந்து வந்துச்சு? அதைச் சொல்லு மொதல்ல!"

சமையல்கட்டிலிருந்து மதினி கரண்டியோடு ஓடிவந்தாள். "ஏட்டி, யாருகிட்ட இந்தச் சண்டை போடுத? தெருவே எட்டிப் பாக்கு!"

"பாத்தா பாக்கட்டும்" என்றேன். டேப்பை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டேன். "ம், நீ சொல்லு."